டிஎஸ்எல்ஆர் வீடியோவுக்குத் தாங்கு கருவிகள் வாங்கலாமா? முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

டிஎஸ்எல்ஆர் கேமராவின் உடலமைப்பு வீடியோவை மனத்தில் வைத்து உருவானதன்று. 2008ஆம் ஆண்டில் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 ஆகிய இரண்டும் சில வார இடைவெளியில் அறிவிக்கப்பட்டு வீடியோ வசதியைக் கொண்டுவந்தபோதும், அவற்றின் வடிவம் புகைப்படக்காரருக்குப் பழகிய பழைய வடிவமாகவே இருந்தது. புகைப்படம் எடுக்கும்போது வ்யூஃபைண்டர் கண்ணோடும் நெற்றியோடும் அழுந்தியிருக்கும். முழங்கைகள் விலாவில் ஒட்டியிருக்கும். வீடியோவுக்கு மாறியதும் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால் அந்த வ்யூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. பின்புறத் திரையைப் பார்ப்பதற்காகக் கேமராவை முகத்திலிருந்து விலக்கிப் பிடிக்கிறோம். முகத்தின் தாங்கல் போய்விடுகிறது, கைகள் நீண்டுவிடுகின்றன. தோளில் வைத்து இயக்கிய பழைய வீடியோ கேமராக்களில் கருவியின் கனமே கையின் சிறு நடுக்கத்தை விழுங்கிவிடும். ஒரு கிலோவுக்கும் குறைவான டிஎஸ்எல்ஆர் உடலில் அந்த உதவியும் இல்லை.

ஆகவே கேமராவை ஆடாமல் பிடிக்க உதவும் தாங்கு கருவிகள் தேவைப்படுவதற்கான காரணம் உண்மையானதுதான். ஆனால் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டவுடனே கடைக்கு ஓடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்: முதலில் கேமராவைத் தோளில் தாங்கிப் பிடிக்கும் ஒரு ஷோல்டர் ரிக் வாங்கி, அதை ஏறத்தாழ எதற்கும் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தேன். என் படங்களில் எது ஆடுகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே மருந்தை வாங்கியதுதான் காரணம்.

முதல் படி: ஆட்டத்தை இனம் பிரித்தல்

எந்தக் கருவியும் இல்லாமல், கையில் பிடித்தபடியே, பத்து ஷாட்களை எடுத்துப் பாருங்கள். அகலக் கோணத்தில் அசையாமல் 30 விநாடி, உங்களிடம் உள்ள மிக நீண்ட லென்ஸில் அதே 30 விநாடி, இடமிருந்து வலமாக ஒரு பான், கீழிருந்து மேலாக ஒரு டில்ட், நடந்து செல்லும் ஒருவரைப் பின்தொடரும் ஷாட், படிக்கட்டில் ஏறும் ஷாட் என்று நீங்கள் உண்மையில் எடுக்கக்கூடியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றைக் கேமராவின் 3 அங்குலத் திரையில் அல்லாமல், பெரிய திரையில் பாருங்கள். சிறிய திரை எல்லாக் குறைகளையும் மறைக்கும். பார்வையாளர் பார்க்கப்போவது அந்தத் திரையையன்று.

பார்க்கும்போது "ஆடுகிறது" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடாதீர்கள். கையின் தசைகளிலிருந்து வரும் விரைவான சிறு நடுக்கம் ஒன்று. மூச்சும் உடலின் எடை மாற்றமும் உண்டாக்கும் மெதுவான ஊசலாட்டம் மற்றொன்று. நடையால் வரும் மேல்கீழ்க் குதிப்பு மூன்றாவது. பான் தொடங்கும்போதும் முடியும்போதும் வரும் திக்கல் நான்காவது. செங்குத்தான கம்பங்கள் சாய்ந்து தெரிவதும், படம் முழுவதும் ஜெல்லியைப் போல நெளிவதும் தனி வகை. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களின் சென்சார், ஃபிரேம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்யாமல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் இந்த நெளிவு வருகிறது. இதைத்தான் ரோலிங் ஷட்டர் குறை என்கிறோம்.

இந்த ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நடுக்கத்துக்குத் தேவை கூடுதல் தாங்கல் புள்ளியும் கனமும். ஊசலாட்டத்துக்குத் தேவை தரையோடு ஒரு தொடர்பு. திக்கலுக்குத் தேவை நல்ல ஃப்ளூயிட் ஹெட், அதாவது ட்ரைபாடின் உச்சியில் கேமராவைச் சீராகத் திருப்ப உதவும் பகுதி. ஷோல்டர் ரிக் முதலாவதைக் குறைக்கும், மூன்றாவதைச் சற்று மென்மையாக்கும். இரண்டாவதையும் நான்காவதையும் அது ஏறத்தாழத் தொடுவதே இல்லை. நான் வாங்கியது ஏன் பெட்டியிலேயே கிடந்தது என்பதற்கு விளக்கம் இதுதான்.

லென்ஸின் மி.மீ. எண்ணான குவிய நீளத்தையும் கணக்கில் வையுங்கள். கை அசையும் கோணம் ஒன்றேயாக இருந்தாலும், 25 மி.மீ. லென்ஸில் தெரியும் நகர்வைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு நகர்வு 200 மி.மீ. லென்ஸில் தெரியும். உங்கள் ஆட்டமான ஷாட்கள் எல்லாம் நீண்ட லென்ஸில் எடுத்தவையாகவே இருந்தால், சிக்கல் கையில் இல்லாமல் நீங்கள் நிற்கும் தொலைவில் இருக்கலாம். அகலமான லென்ஸோடு நான்கு அடி முன்னே செல்ல முடிந்தால், ஒரு கருவியின் செலவு மிச்சம்.

இரண்டாம் படி: செலவில்லாத வழிகளைத் தீர்த்துப் பார்த்தல்

கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழுத்தில் மாட்டி, பட்டை விறைப்பாக இழுபடும் வரை கேமராவை முன்னே தள்ளிப் பிடியுங்கள். இரு கைகளோடு கழுத்தும் மூன்றாம் தாங்கல் புள்ளியாகிவிடும். கால் அங்குலத் (1/4) திருகாணி ஒன்றில் கயிற்றைக் கட்டி, அதைக் கேமராவின் அடியில் முறுக்கி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்து மேல்நோக்கி இழுத்துப் பிடித்தாலும் ஊசலாட்டம் வியக்கத்தக்க அளவுக்குக் குறையும். சுவரில் சாய்வது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அதன் முதுகில் முழங்கைகளை ஊன்றுவது, மணல் அல்லது தானியம் நிரப்பிய சிறு துணிப்பையின் மேல் கேமராவை வைப்பது ஆகியவை தொழில்முறை ஒளிப்பதிவாளர்கள் பலரும் இன்றும் செய்பவையே. புகைப்படத்துக்காக வாங்கிய ட்ரைபாட் ஏற்கெனவே இருந்தால், கால்களை மடக்கிய நிலையில் கேமராவோடு சேர்த்து அதைத் தொங்கவிட்டபடி பிடித்துப் பாருங்கள். எடை பரவலாவதால் கேமரா எளிதில் திரும்பாது. 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய, நடந்தபடி ஆடாமல் படமெடுக்க உதவும் ஸ்டெடிகேம் கருவியின் அடிப்படைத் தத்துவத்தில் ஒரு பகுதி இதுவே.

லென்ஸிலோ கேமரா உடலிலோ உள்ள பட நிலைப்படுத்தும் வசதியையும் சோதித்துக்கொள்ளுங்கள். லென்ஸில் உள்ள வசதி பொதுவாக மேல்கீழ் மற்றும் பக்கவாட்டுக் கோணத் திருப்பங்களைச் சரிசெய்யும். அசையாமல் நின்று எடுக்கும் ஷாட்களில் இது மிகப் பெரிய உதவி. கேமராவே முழுதாக மேலும் கீழும் நகரும் நடை ஷாட்டில் அதனால் அதிகம் செய்ய இயலாது.

எடிட்டிங் மென்பொருளில் ஆட்டத்தைச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, அதைப் புரிந்துகொள்வது நல்லது. மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்துகிறது. அதனால் ஓரங்கள் வெட்டப்படுகின்றன, படம் சற்றுப் பெரிதாக்கப்படுகிறது, கூர்மை குறைகிறது. அதைவிட முக்கியமானது, விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது வழக்கமாக வைக்கும் 1/50 ஷட்டர் வேகத்தில், கை நடுங்கிய கணத்தின் மங்கல் அந்த ஃபிரேமுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. இடத்தைச் சரிசெய்த பிறகும் மங்கல் அப்படியே இருப்பதால், அசையாத படத்தில் திடீர் திடீரென்று கூர்மை போய்வருவது போன்ற விந்தையான விளைவு கிடைக்கும். மெதுவான ஊசலாட்டத்துக்கு மென்பொருள் கைகொடுக்கும். கடும் நடுக்கத்துக்கும் ஜெல்லி நெளிவுக்கும் அதை நம்பிப் படமெடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: நீங்கள் உண்மையில் எடுப்பதை எண்ணுதல்

கடைசியாக எடுத்து முடித்த சில வேலைகளைத் திறந்து, இறுதியாகப் பயன்படுத்திய ஷாட்களை வகை பிரித்து எண்ணுங்கள். நேர்காணல் எத்தனை, மேடை நிகழ்ச்சி எத்தனை, நடந்தபடி எடுத்தவை எத்தனை, மேசைமேல் பொருள்களை எடுத்தவை எத்தனை என்று தாளில் எழுதுங்கள். ஆசைப்படும் ஷாட்களை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. முதல் படியில் கண்ட குறைகளுள் எது இந்தப் பட்டியலில் மீண்டும் மீண்டும் வருகிறதோ, அதற்கு மட்டுமே கருவி தேவை. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் தேவைக்கு வாடகை போதும். ஒவ்வொரு வேலையிலும் வரும் தேவைக்குச் சொந்தக் கருவி வேண்டும். இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள் வாடகையையே இன்னும் சில முறை நீட்டிக்கலாம் என்பது என் கருத்து.

நான்காம் படி: கருவிகளை ஒவ்வொன்றாக எடைபோடுதல்

ட்ரைபாட். ஐயமே இல்லாமல் முதலில் வாங்க வேண்டியது இதுதான். அதிலும் பணத்தைப் போட வேண்டிய இடம் கால்களைவிட ஹெட்தான். புகைப்படத்துக்கான, பந்து மூட்டுள்ள பால் ஹெட், பூட்டினால் அசையாது, தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சரியும். சீரான பான் அதில் வராது. ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் உள்ள பிசுபிசுப்பான திரவம் இயக்கத்துக்குச் சீரான எதிர்ப்பைக் கொடுப்பதால், தொடக்கமும் முடிவும் வழுக்கிக்கொண்டு வருகின்றன. தாங்கும் எடை அதிகமாக இருந்தால் நல்லது என்று எண்ணி மிகப் பெரிய ஹெட்டை வாங்குவது பொதுவான பிழை. பல ஹெட்களில் கேமரா முன்னோ பின்னோ கவிழாமல் சமன்செய்ய ஒரு சுருள்வில் இருக்கும். அது மாற்ற முடியாத ஒரே அளவில் அமைந்து, உங்கள் கேமரா அந்த அளவைவிட இலேசாக இருந்தால், கீழ்நோக்கி டில்ட் செய்து கையை எடுத்தவுடன் கேமரா தானாக மேலே எழும்பும். கேமரா, லென்ஸ், மைக், திரை அனைத்தையும் சமையலறைத் தராசில் வைத்து மொத்த எடையைக் குறித்துக்கொண்டு, அந்த எடை ஹெட்டின் சமன்செய்யும் வரம்புக்குள் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கால்களைப் பொறுத்தவரை, நடுத்தண்டை உயர்த்தாமலே கண் உயரத்துக்கு வர வேண்டும். நடுத்தண்டை முழுவதும் உயர்த்திய ட்ரைபாட், மூன்று கால்மேல் நிற்கும் ஒற்றைக் கம்பம்தான். கால்களின் உச்சியில் 75 மி.மீ. கிண்ண அமைப்பு இருந்தால், ஒரே பிடியைத் தளர்த்திச் சில விநாடிகளில் மட்டம் பார்த்துவிடலாம். தட்டையான உச்சியாக இருந்தால் ஒவ்வொரு காலையும் ஏற்றி இறக்கித்தான் மட்டம் வரும். மட்டம் இல்லாமல் பான் செய்தால் தொடுவானம் போகப் போகச் சரியும். மேடுபள்ளமான இடங்களில் தனியாக வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு நாள் முழுவதும் தெரியும். பான் வேகம் பற்றி ஒரு பழைய கணக்கும் உண்டு: ஒரு பொருள் ஃபிரேமின் ஒரு விளிம்பில் நுழைந்து மறுவிளிம்பை அடைய ஏறத்தாழ 7 விநாடி எடுக்கும்படி திருப்பினால், விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தில் துள்ளல் தெரியாது. அந்த மெதுவான வேகத்தில்தான் மலிவான ஹெட்டின் திக்கல் முழுவதும் அம்பலமாகும். ட்ரைபாடில் வைக்கும்போது சில லென்ஸ்களின் பட நிலைப்படுத்தும் வசதியை நிறுத்திவிட வேண்டும்; இல்லையெனில் படம் தானாக மெல்ல நகர்வதைக் காணலாம்.

மோனோபாட். இந்த ஒற்றைக் கால் தாங்கியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு ஏன் என்று புரிவதில்லை. அடியில் மூன்று சிறு பாதங்களும், அசையும் மூட்டும் கொண்ட வீடியோ மோனோபாட், கூட்டமான இடங்களிலும் ஓடியாடி எடுக்கும் நிகழ்ச்சிகளிலும் ட்ரைபாடின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். ட்ரைபாடுக்கு அனுமதி கொடுக்காத இடங்கள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஒற்றைக் காலைக் கண்டுகொள்ள மாட்டார்கள், எனினும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஷோல்டர் ரிக். தோள் தாங்கி, இரு கைப்பிடிகள், 60 மி.மீ. இடைவெளியில் ஓடும் இரண்டு 15 மி.மீ. கம்பிகள், அவற்றின்மேல் கேமரா என்பது இதன் அமைப்பு. வெளியிலிருந்து பார்க்க மிகவும் கவர்ச்சியாக இருக்கும். வாடிக்கையாளர்கூடக் கூடுதல் மரியாதையோடு பேசுவார். உள்ளே சில சிக்கல்கள் உள்ளன. தோள் கேமராவில் எடை தோளுக்கு மேல் இருக்கும். டிஎஸ்எல்ஆர் ரிக்கில் கேமரா தோளுக்கு முன்னால் தொங்குவதால் எடை முழுவதும் கைகளுக்கு வரும். அதைச் சமன்செய்யப் பின்னால் எதிர் எடை வைக்க வேண்டும். கேமரா முகத்துக்கு மிக அருகில் வந்துவிடுவதால், பின்புறத் திரையைக் கண்ணால் குவித்துப் பார்க்க இயலாது. தனித் திரையோ, திரையின்மேல் பொருத்தும் உருப்பெருக்கியோ வாங்க வேண்டும். இரு கைகளும் கைப்பிடியில் இருப்பதால் ஃபோகஸ் வளையத்தைத் தொட முடியாது. அதற்கு, வளையத்தைப் பல்சக்கரத்தால் திருப்பும் ஃபாலோ ஃபோகஸ் என்ற கருவி வேண்டும். ஆனால் புகைப்பட லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தின் சுழற்சி மிகக் குறைவு. பலவற்றில் இரு முனைகளிலும் நிற்காமல் வளையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் குறி போட்டு வைத்தாலும் அது நிலைக்காது. இப்படி ஒன்று மற்றொன்றை அழைத்துவந்து, ரிக்கின் விலையைப்போலச் சில மடங்கு செலவில் முடியும். நீண்ட நேரம் கையில் பிடித்தே ஆவணப்பட பாணியில் எடுப்பவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் அந்த உருப்பெருக்கியை மட்டும் வாங்கி, கண்ணில் அழுத்திப் பிடித்து, பட்டையையும் விறைப்பாக வைத்துக்கொண்டால், இழந்துபோன முகத்தின் தாங்கல் திரும்பக் கிடைக்கும். வெயிலில் திரை தெரியாத தொல்லையும் தீரும்.

கிம்பல். மூன்று அச்சுகளிலும் மோட்டார்களைக் கொண்டு கோண அசைவுகளை உடனுக்குடன் எதிர்த்துத் திருப்புவது இதன் வேலை. நடை ஷாட்களுக்கு இதற்கு இணையாக வேறொன்று இந்த எடையில் இல்லை. ஆயினும் மேல்கீழ்க் குதிப்பை மோட்டார்கள் நீக்குவதில்லை. முழங்கால்களை மடக்கி, குதிகாலிலிருந்து விரலுக்கு எடையை மெதுவாக மாற்றி நடக்கும் பயிற்சிதான் அதை நீக்கும். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள் சமநிலையைக் கெடுத்துவிடும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் மறந்துவிடும் முக்கியமான கேள்வி ஃபோகஸ் பற்றியது. கிம்பலில் கேமரா இருக்கும்போது லென்ஸைத் தொட இயலாது. 2013இல் கேனன் 70டி கேமராவில் வந்த ட்யூயல் பிக்ஸல் முறையைப் போன்ற வீடியோ ஆட்டோஃபோகஸ் உங்களிடம் இருந்தால் கவலையில்லை. அதற்கு முந்தைய பல உடல்கள் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் அலையும். அவற்றை வைத்திருப்பவர் அகல லென்ஸையும் சிறிய லென்ஸ் துளையையும் (அபர்ச்சர்) வைத்து, ஆழமான ஃபோகஸோடு மட்டுமே எடுக்க முடியும். மங்கலான பின்னணியோடு மிதந்து செல்லும் ஷாட்டைக் கனவு கண்டு கிம்பல் வாங்குபவர், தம் கேமராவால் அதைப் பிடிக்க முடியுமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எடையும் சிறிதன்று: கேமராவும் லென்ஸும் கிம்பலும் சேர்ந்து 3 கிலோவை எளிதில் தொடும், அதை உடலுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேமராவைத் தண்டின்மேல் வழுக்கி நகர்த்தும் ஸ்லைடர் அழகானது, ஆனால் ஒரே வகை ஷாட்டைத் தருவது. அருகில் ஒரு பொருள் ஃபிரேமுக்குள் இருந்தால்தான் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியும். நீளமானதை ஒரே ட்ரைபாடில் நடுவில் ஏற்றினால், கேமரா ஓரத்துக்குப் போகும்போது முனை தாழும். மைக், திரை போன்றவற்றைப் பொருத்த இடம் போதாமல் திண்டாடுபவருக்குக் கேமராவைச் சுற்றிப் பொருத்தும் சட்டமான கேஜ் பயன்படும். அதன் மேற்கைப்பிடி தாழ்வான ஷாட்களுக்கு நல்லது. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் மேட் பாக்ஸ், பெரும்பாலும், தோற்றத்துக்காகவே வாங்கப்படுகிறது.

ஐந்தாம் படி: எழுதாத செலவுகளையும் ஆயுளையும் கணக்கிடுதல்

விலைச் சீட்டில் இல்லாதவை பல. கேமராவை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கேமராவின் அடியில் பொருத்தும் அடித்தட்டுகள் பொருந்தாவிட்டால், ஒவ்வொரு முறையும் திருகாணியைக் கழற்றி மாட்ட வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே வகைத் தட்டுக்குக் கொண்டுவருவது முதலிலேயே எடுக்க வேண்டிய முடிவு. கால் அங்குலத் திருகையும் அதைவிடப் பெரிய எட்டில் மூன்று அங்குலத் திருகையும் இணைக்கும் மாற்றிகளைப் பையில் வைத்திருங்கள். கூடுதல் பேட்டரி, பெரிய பை, சுமக்கும் முதுகு, பொருத்தும் நேரம் ஆகியவையும் செலவே. இரண்டு நிமிடம் மட்டுமே கிடைக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் பொருத்த வேண்டிய கருவி, இல்லாத கருவிக்குச் சமம்.

ஆயுளில் பெரும் வேறுபாடு உள்ளது. நல்ல ட்ரைபாடுக்குக் கேமராவின் தலைமுறை ஒரு பொருட்டன்று. நான்கு கேமராக்களை மாற்றிய பிறகும் அது நிற்கும், விற்றாலும் விலை போகும். கிம்பலோ மோட்டார், பேட்டரி, மென்பொருள், எடை வரம்பு ஆகியவற்றோடு பிணைந்தது. அடுத்த கேமராவுக்கு அது பொருந்தாமல் போகலாம். எனவே முன்னதை முதலீடு என்றும் பின்னதைச் செலவு என்றும் நான் குறித்துக்கொள்வேன். வருமானம் தரும் வேலைக்காகவே கிம்பல் வாங்குபவர், அடுத்த ஓராண்டில் உறுதியாக வரும் வேலைகளின் வாடகைக் கணக்கோடு அதன் விலையை ஒப்பிட்டால் விடை தானே தெரியும்.

இதே பணத்துக்குப் போட்டியாக நிற்பவற்றையும் மறக்கலாகாது. கேமராவின் உள் மைக்கில் பதிவான பேச்சோடு வரும் ஆடாத படத்தைவிட, தெளிவான ஒலியோடு வரும் சற்றே ஆடும் படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். தனி மைக் இன்னும் இல்லையென்றால், ட்ரைபாடுக்கு அடுத்து அதுதான்; கிம்பலும் ஸ்லைடரும் அதற்குப் பின்னரே.

ஆறாம் படி: கையில் எடுத்துச் சோதித்தல்

முடிவுக்கு வந்த கருவியை முதலில் வாடகைக்கோ இரவலாகவோ எடுத்து, ஒரு முழு வேலையை அதில் முடியுங்கள். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்ப்பது போதாது. பழைய ட்ரைபாடை வாங்குவதாயிருந்தால், உங்கள் கேமராவையும் நீண்ட லென்ஸையும் எடுத்துச் செல்லுங்கள். மெதுவாகப் பான் செய்து கையை விட்டவுடன் படம் சற்றே பின்வாங்குகிறதா என்று திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்வாங்கினால் அதை வாங்க வேண்டாம். ஹெட்டின் இடுக்குகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, எதிர்ப்பு எல்லாக் கோணத்திலும் ஒரே சீராக இருக்கிறதா, கால்களை முழுதாக நீட்டிப் பூட்டி மேலிருந்து அழுத்தினால் ஏதாவது ஒன்று வழுக்குகிறதா என்று பாருங்கள். ட்ரைபாடின் உச்சியைப் பிடித்து இலேசாக முறுக்கும்போது கால்கள் நெளிந்தால், 200 மி.மீ. லென்ஸில் காற்றடிக்கும் நாளில் அது பயன்படாது.

வாங்கிய பிறகு, முதல் மூன்று மாதங்களில் அந்தக் கருவி எத்தனை வேலைகளுக்குப் பையிலிருந்து வெளியே வந்தது என்று குறித்துவையுங்கள். வராத கருவியை அதன் விலை இறங்குவதற்குள் விற்றுவிடுங்கள். என் ஷோல்டர் ரிக்கை நான் விற்றபோது மிகவும் தாமதமாகிவிட்டிருந்தது, கிடைத்த தொகையில் ஒரு மோனோபாட் மட்டுமே வாங்க முடிந்தது. அந்த மோனோபாட் இன்னும் ஒவ்வொரு வேலைக்கும் வருகிறது.